எலுமிச்சை நசுங்கிச்சா?

நம் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் ஒரு முறை திருதிருவென்று விழிப்பார்கள். ஒரு நெட்வொர்க் வேலையை முடித்துவிட்டு "முடிச்சாச்சு" என்று பெருமையாகச் சொன்னதும், பக்கத்து மேஜையிலிருந்து யாராவது "எலுமிச்சை நசுங்கிச்சா?" என்று கேட்பார்கள். போன வருடம் சேர்ந்த ஒரு பெண் அது ஏதோ மென்பொருளின் பெயர் என்று நினைத்து இணையத்தில் தேடு தேடென்று தேடியிருக்கிறாள். ஊறுகாய்ச் செய்முறைதான் கிடைத்ததாம். என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். ஆனால் உங்களுக்குத்தான் சந்தேகம் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே!

இப்போது நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பேசுவதற்கு ஆள் குறைவு. அதனால் நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன்.

அந்த எலுமிச்சை ஓர் ஆயுத பூஜை நாளில் நம் குழுவுக்குள் வந்தது. அப்போது திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் நெட்வொர்க்கை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். யார்டின் கணினிகள் கிளவுடில் ஒரு தனி வளாகத்தில் இருந்தன. சுங்க வேலைகளைச் செய்துகொடுக்கும் ஏஜென்ட் நிறுவனத்தின் அலுவலகம் ராயபுரத்தில். அவர்களுடைய கணினிகளும் கிளவுடில்தான், ஆனால் வேறொரு தனி வளாகத்தில். ஒரு கன்டெய்னர் யார்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் நம் கணினி அவர்கள் கணினியிடம் "இதை விடலாமா?" என்று கேட்கும். "விடலாம்" என்று பதில் வந்தால்தான் கேட் தூக்கும். யாராவது ஒருவர் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினால் வண்டி கிளம்பிய காலம் மலையேறிவிட்டது.

இரண்டு வளாகங்களுக்கும் நடுவில், பொது இணையத்துக்குள்ளேயே மறைவாகப் போட்ட பாதையாக, ஒரு பழைய டனல் இருந்தது. அதை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு, அதாவது நீங்கள் தினமும் உச்சரிக்கும் அந்தப் பியரிங், போட முடிவாயிற்று. விடுமுறை நாள், வேலை குறைவாக இருக்கும் என்று ஆயுத பூஜையை மேலிடத்தில் குறித்துக் கொடுத்தார்கள். கப்பலுக்கு ஏது ஆயுத பூஜை? அதை யாரும் யோசிக்கவில்லை.

இணைப்பு போட்டால் மட்டும் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கமும் தன் ரூட் டேபிளில் "அந்தப் பக்கம் போக இதுதான் வழி" என்று எழுத வேண்டும். ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் எழுதாவிட்டால் கேள்வி போய்ச் சேரும், பதில் வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். நம் பக்கம் சதீஷ் எழுதினான். ஆமாம், இன்று உங்களை விரட்டி வேலை வாங்கும் உங்கள் தலைவன் சதீஷ்தான். அன்று அவனுக்கு மீசை கூட ஒழுங்காக இல்லை. எல்லாம் சரியாகி, திரையில் பச்சை நிறத்தில் "ஆக்டிவ்" என்று வந்ததும் கையைத் தட்டிவிட்டுப் பொரிகடலைத் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். நண்பகலில், ஏற்கெனவே குறித்தபடி, பழைய டனல் மூடிக்கொண்டது. அதோடு கேட்டும் படுத்துவிட்டது.

என் மேஜை ஜன்னலோரம். வெளியே பார்த்தால் கல்யாண ஊர்வலம் போல டிரெய்லர்கள். முன்னால் வாழைக்கன்று, பக்கவாட்டில் மாலை, கண்ணாடியில் சந்தனம். எல்லாம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போக வேண்டியவை. கேட் தூக்கவில்லை. ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது.

வரிசையில் முதலில் நின்ற டிரெய்லர் எஸ்தர் அக்காவுடையது. வண்ணாரப்பேட்டையில் நைட்டி மொத்த வியாபாரம் செய்பவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அதுவரை வேறு ஏற்றுமதியாளர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், முதல் முறையாகத் தன் சொந்தப் பெயரில் ஒரு கன்டெய்னர் நைட்டி மலேசியாவுக்கு அனுப்புகிறார். அது கிளம்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஸ்கூட்டரில் யார்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா லட்டு வேறு.

அவர் நேராக என் அறைக்கு வந்தார்.

"மேடம், சாயங்காலத்துக்குள்ள துறைமுகத்துல கேட்டை அடைச்சிருவாவளாம். இந்தக் கப்பலை விட்டா அடுத்த கப்பல் தீபாவளி கழிச்சுத்தான் போய்ச் சேருமாம். தீபாவளிக்குப் பொறவு தீபாவளி நைட்டிய யாரு வாங்குவா? அந்த மலேசியா ஆளு இனிமே எங்கிட்ட சரக்கே கேக்க மாட்டான். கேட்டு எப்ப தொறக்கும்?"

"பார்த்துக்கிட்டிருக்கோம் அக்கா" என்றேன். நம் தொழிலில் அதிகமாகச் சொல்லப்படும் பொய் இதுதான். அந்த நிமிடம் வரை நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

சதீஷ் வியர்த்து வழிந்தான். "மேடம், நெட்வொர்க்ல பிரச்சனையே இல்ல. ஆக்டிவ்னு காட்டுது. எறா வச்சிருக்கிற குளிர்பெட்டிங்களோட வெப்பநிலை எல்லாம் அவங்களுக்கு ஒழுங்கா போய்க்கினுதான் கீது. அவங்க பதில் கூட வருது. கேட் சாப்ட்வேர்தான் பேஜார் பண்ணுது."

ஐந்து நிமிடம் கழித்து அவனே மாறினான். "மேடம், பேசாம இணைப்பைக் கழட்டிட்டுப் புதுசா போட்டுடலாமா?"

இதை எழுதும்போது கூட எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அவன் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேல் நின்றது. என் முதல் மேலாளர் ஒருவர், பெயர் வேண்டாம், எல்லாம் கவிழ்ந்து கிடக்கும் நேரத்தில் முதலில் இரண்டு கைகளையும் கட்டிக்கொள்வார். கை சும்மா இருந்தால்தான் மண்டை வேலை செய்யும் என்பது அவர் கட்சி. நான் சதீஷிடம் சொன்னேன், "கையை எடுத்துப் பொரிகடலைல வையி."

யோசித்துப் பாருங்கள். இணைப்பைக் கழற்றினால் திரும்பப் போடுவதற்கு மறுபக்கம் ஒருவர் சம்மதம் கொடுக்க வேண்டும். விடுமுறை நாளில் அந்த ஆள் எங்கே இருக்கிறாரோ? இப்போது குளிர்பெட்டிச் சேதியாவது ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் நிறுத்திவிட்டால் நைட்டியோடு இறாலும் சேர்ந்து நாறும். பாதி வேலை செய்யும் பொருளை முழுதாகக் கெடுப்பது மிகவும் சுலபம் பிள்ளைகளே. பதற்றத்தில் நமக்கு முதலில் தோன்றுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

கையைக் கட்டிக்கொண்டு பதிவுகளைப் பார்த்தேன். கேட் கேட்ட கேள்விகள் எல்லாம் நம் பக்கத்தை விட்டு ஒழுங்காகக் கிளம்பியிருந்தன. யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. குளிர்பெட்டிக்கு மட்டும் பதில் வருகிறது. ஏஜென்ட் வளாகத்துக்குள் குளிர்பெட்டிக் கணினி ஒரு சப்நெட்டில், அதாவது ஓர் உள்பிரிவில், இருந்தது, அனுமதி கொடுக்கும் கணினி வேறொரு சப்நெட்டில். இரண்டுக்கும் தனித்தனி ரூட் டேபிள். ஒன்றில் நமக்குத் திரும்பி வர வழி எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றில் எழுதவில்லை. என் மனதில் அது அப்படியே தெரிந்தது. சந்தோஷத்தில் எஸ்தர் அக்காவின் லட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுபக்கம் பொறுப்பில் இருந்தவர் வேதாசலம். நேர்மையானவர், நிதானமானவர், தினமும் பூஜை முடித்துத்தான் காபியே குடிப்பார். போனில் பிடித்தேன். "நீங்க எழுத மறந்துட்டீங்க" என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மனிதர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள், டேபிளைப் பார்க்க மாட்டார்கள். "காலையில கடைசியா எதுல கை வச்சீங்க சார்?" என்று மட்டும் கேட்டேன்.

காலையில் செய்ததை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினார்.

"முதல் டேபிள் முடிச்சேம்மா. ரெண்டாவதைத் திறக்கும்போது ராகு காலம் வரப் போகுது, பூஜையை முடிச்சிடலாம்னு எல்லாரும் கூப்பிட்டாங்க. லேப்டாப்பையும் கொண்டுபோய் பூஜையில வச்சுட்டேன். டனல் ராத்திரி வரைக்கும் இருக்கும்னு நினைச்சுட்டேனே."

"பரவாயில்ல சார். இப்ப எடுத்து எழுதிடுங்க."

"ஐயோ, அது எப்படிம்மா? பூஜையில வச்ச ஆயுதத்தை நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். மாலை போட்டு, கற்பூரம் காட்டி வச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட எடுத்ததில்ல."

அவர்கள் நிறுவனத்தில் ரூட் டேபிளைத் தொட அந்த ஒரு லேப்டாப்புக்கும் அவருடைய விரலுக்கும்தான் அனுமதி. நாமே வகுத்துக் கொடுத்த பாதுகாப்பு விதி அது! நான் மேலே வாதாடவில்லை. போனில் வாதாடினால் ஒரு மனிதர் தன் வார்த்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நேரில் போனால் பொரியாவது தருவார்.

"அக்கா, ஸ்கூட்டர்ல என்னை ராயபுரம் கூட்டிக்கிட்டுப் போவீங்களா?"

எஸ்தர் அக்கா ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. சாவியை எடுத்தார்.

கேட்டைத் தாண்டும்போது அவருடைய டிரெய்லரின் ஓட்டுநர் பாபு குறுக்கே வந்து நின்றார். வியாசர்பாடிக்காரர். வண்டியை விட அவர் நெற்றியில்தான் குங்குமம் அதிகம்.

"இன்னா மேடம், எப்ப வுடுவீங்க? டயர் கீய எலுமிச்சம்பயம் வச்சிட்டு நின்னுக்கினு கீறேன். பூஜ போட்ட வண்டி நவுந்து பயம் நசுங்கணும் மேடம். அப்பதான் பூஜ முடிஞ்சதா அர்த்தம். நவுராம நின்னா பூஜ பாதில நிக்கிதுன்னு ஆவும்ல?"

நான் குனிந்து பார்த்தேன். முன் டயர்களுக்குக் கீழே மஞ்சள் மஞ்சளாக எலுமிச்சம்பழங்கள், அப்படியே உருண்டையாக. என் மூளைக்குள் ஏதோ மணி அடித்தது. "பாபு, உங்ககிட்ட இன்னும் பழம் இருக்கா?" என்றேன். ஒரு பையை அப்படியே கொடுத்தார்.

அந்தப் பயணத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். தண்டையார்பேட்டை வழியெங்கும் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். எஸ்தர் அக்கா சிதறிய துண்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டினார், வாயில் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று. நான் பின்னால் ஒரு கையில் எலுமிச்சம்பழப் பையும் மறு கையில் அவர் இடுப்புமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மெக்கானிக் கடைக்காரர் வண்டியை நிறுத்தி இருவர் நெற்றியிலும் சந்தனம் வைத்துவிட்டுத்தான் விட்டார். எஸ்தர் அக்கா மறுக்கவில்லை. "இன்னைக்கு யாரு ஆசீர்வாதம் பண்ணாலும் வாங்கிக்கிடுவேன் மேடம்" என்றார்.

வேதாசலம் சார் எங்களைப் பார்த்ததும் தட்டு நிறையப் பொரி, கடலை, கொய்யாப்பழம் கொண்டுவந்து வைத்தார். சொன்னேனா இல்லையா? பூஜை மேஜை நடுவில் லேப்டாப், மல்லிகை மாலையோடு, மூடி மேல் மூன்று பட்டை சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தால் எனக்கே கும்பிடத் தோன்றியது.

எஸ்தர் அக்கா அவரிடம் கெஞ்சவில்லை. தன் கன்டெய்னரைப் பற்றி மட்டும் சொன்னார். எத்தனை பெண்கள் தைத்தார்கள், எந்தப் பூ டிசைன் மலேசியாவில் பிடிக்கும், தன் பெயர் முதல் முதலாக அட்டைப்பெட்டியில் அச்சானபோது வீட்டுக்காரர் அதைத் தடவித் தடவிப் பார்த்தது, எல்லாம். கேட்கக் கேட்க வேதாசலம் சார் முகம் வாடியது. நல்ல மனிதர். உதவவும் வேண்டும், நம்பிக்கையையும் விட முடியாது. அவருடைய சங்கடத்தைப் பார்த்து எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர் பூஜையைக் கலைத்துவிட்டு ஒரு வேலையை முடித்தால் அது எனக்கு வெற்றியாக இருந்திருக்காது.

"சார், வாசல்ல நிக்கிறது உங்க ஸ்கூட்டரா? மாலை போட்டிருக்கே" என்றேன்.

"ஆமாம்மா. காலையில அதுக்கும் பூஜை போட்டோம்."

"போட்டுட்டு அப்படியே நிறுத்திட்டீங்களா?"

"அது எப்படி? வண்டின்னா எலுமிச்சம்பழம் ஏத்தி ஒரு சுத்து நகர்த்தித்தானே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார்.

"சார், இது ஆயுதம்தான், இல்லேங்கல. ஆனா காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இது செய்யறது என்ன? இங்கேருந்து அங்கே சேதியை ஏத்திக்கிட்டுப் போகுது, அங்கேருந்து இங்கே இறக்குது. அங்க பாபு வண்டி பூஜை முடியாம நிக்குது. இது ஒரு சுத்து நகர்ந்தாதான் அது நகரும். ரெண்டு பூஜையும் ஒண்ணாவே முடியட்டுமே."

வேதாசலம் சார் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. கண்ணைத் திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "செய்யறதை முறையாச் செய்யணும்மா. கற்பூரம் எடுங்க."

முறையாகவே செய்தோம். கற்பூரம் காட்டி, மாலையைக் கழற்றி, நான்கு மூலைக்கும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்து மெதுவாக முன்னால் தள்ளினார். டிரெய்லருக்கு எடை உண்டு. லேப்டாப்புக்கு ஏது? பழம் நசுங்காமல் உருண்டது. லேப்டாப் சறுக்கிக்கொண்டு மேஜை விளிம்புக்கு வந்து, கீழே பாய்ந்தது. மூன்று பேரும் சேர்ந்து அலறினோம். எஸ்தர் அக்கா தன் முந்தானையை விரித்து அதைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்தார்.

"ஆண்டவரே! என் கன்டெய்னரே இதுக்குள்ளதாம்லா இருக்கு" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. திறந்தால் அடுத்த வம்பு. விரல் வைக்கும் இடத்தில் வேதாசலம் சாரே பக்தியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார். விரலை எத்தனை முறை அழுத்தினாலும் "நீ யார்?" என்று கேட்டது. எஸ்தர் அக்கா பையிலிருந்து நைட்டித் துணிச் சாம்பிள் ஒன்றை எடுத்து நன்றாகத் துடைத்தார். அடுத்த தடவை உள்ளே விட்டது. இரண்டாவது டேபிளில் வேதாசலம் சார் ஒரே ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான். இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு வரிக்காக.

"முடிச்சாச்சும்மா" என்றார்.

காலையில் சதீஷும் இதைத்தான் சொன்னான். அதனால் நான் நம்பத் தயாராக இல்லை. போனை ஒலிபெருக்கியில் போட்டு அவனைக் கூப்பிட்டேன். "கண்ணு, பச்சை விளக்கைப் பார்த்துச் சொல்லாத. கேட்டுக்குப் போ. பாபு வண்டி பக்கத்துல நில்லு. அங்க என்ன நடக்குதுன்னு சொல்லு."

அவன் ஓடும் மூச்சு கேட்டது. எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் முதல் கன்டெய்னர் கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்று லட்டோடு வந்தவர், அதைக் கிளப்புவதற்காக அதை விட்டு இவ்வளவு தூரம் வந்து ஒரு போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மேடம்! கேட்டு தூக்கிச்சு மேடம்!" சதீஷ் கத்தினான். பின்னால் டிரெய்லர் என்ஜின் உறுமியது. ஹாரன்கள் எல்லாம் ஒன்றாக அடித்தன, இந்தத் தடவை கோபமாக இல்லை.

எஸ்தர் அக்கா போனுக்குள் வாயை விட்டுக் கேட்டார். "தம்பி, எலுமிச்சை நசுங்கிச்சா?"

அந்தப் பக்கம் பாபுவின் குரல், ஓட்டுநர் இருக்கையிலிருந்து, ஊருக்கே கேட்கும்படி: "சட்னி ஆயிட்ச்சு எக்கா!"

நான் அழுதேன். வேதாசலம் சார் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே அழுதார். எஸ்தர் அக்கா மட்டும் அழவில்லை. மேஜையில் கிடந்த நான்கு எலுமிச்சம்பழங்களையும் தரையில் வரிசையாக வைத்து, செருப்பில்லாத குதிகாலால் ஒவ்வொன்றாக நசுக்கினார். "உங்க பூஜையும் முடியட்டும் சார்" என்றார். அந்த ராயபுரத்து அலுவலகம் முழுக்க எலுமிச்சை மணத்தது.

கன்டெய்னர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மலேசியாக்காரர் மறுபடியும் சரக்கு கேட்டார், மறுபடியும் மறுபடியும் கேட்டார். எஸ்தர் அக்கா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நம் அலுவலகத்துக்கு ஒரு டப்பா லட்டும் ஒரு பை எலுமிச்சம்பழமும் அனுப்புகிறார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே நீங்கள் ஜூஸ் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பதில் வராத இடத்தில் உங்கள் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்தப் பக்கமும் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கும் ஒரு ராகு காலம், ஒரு பூஜை, ஒரு நியாயம் இருக்கிறது. அவரைத் தோற்கடிக்காமல் வேலையை முடிக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். நான் அன்று சதீஷைக் கேட்டுக்கு ஓட வைத்தது போல, நீங்களும் ஒருவரை அந்த முனையில் நிற்க வையுங்கள்.

போன வாரம் எஸ்தர் அக்காவைச் சந்தையில் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ கன்டெய்னர் அனுப்பிவிட்டார், எல்லாவற்றையும் கேட்டிலேயே நின்று வழியனுப்பியிருக்கிறார். "அந்த முதல் வண்டி போனதை மட்டும் நீங்க பாக்கவே இல்லையே அக்கா, வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பாத்த வண்டியெல்லாம் மறந்து போச்சு மேடம்" என்றார். "அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதுல கெடக்கு."